பூ. ச. குமாரசுவாமி ராஜா

பூ. ச. குமாரசுவாமி ராஜா (ஜூலை 8, 1898 - மார்ச் 16, 1957) தமிழகத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல்வாதியும் ஆவார். ஏப்ரல் 1949 முதல் ஏப்ரல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். ஜனவரி 26, 1950 அன்று இந்தியா குடியரசானபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் இவரே. போராட்டத்தின் வழியே ஆட்சிக்கு வந்த காங்கிரசு, விடுதலைக்குப் பின் தனக்கு எதிரான போராட்டங்களைச் சந்தித்த காலம் இவருடைய ஆட்சிக்காலம் ஆகும்.

இளமையும் அரசியல் நுழைவும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், அய்யனார் கோவில் வனப்பகுதிக்குக் கிழக்கே அமைந்த ராஜபாளையத்தில் பிறந்தார். இவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். காந்தியின் வழியை ஏற்றுக் காங்கிரசில் இணைந்து, விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1937 ஆம் ஆண்டு சென்னை மாகாண சட்டமன்ற உறுப்பினரானார். 1949 இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகியபோது, காமராசரின் ஆதரவுடன் ஆட்சிப் பொறுப்பேற்றார்.

போராட்டங்களும் அரசும்

இவரது அரசு நான்கு பெரும் கிளர்ச்சிகளை எதிர்கொண்டது.

* இந்தி எதிர்ப்பு: பள்ளிகளில் கட்டாய இந்திக்கு எதிராகத் திராவிடர் கழகம் 1948 இல் போராட்டத்தைத் தொடங்கியிருந்தது. 1950 இல் இந்தி விருப்பப் பாடமாக்கப்பட்டது.

* வகுப்புவாரி ஒதுக்கீடு: கல்லூரிச் சேர்க்கைக்கான வகுப்புவாரி அரசாணை செல்லாது என சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை 1950 இல் தீர்ப்பளித்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அரசு மேல்முறையீடு செய்தது. ஆயினும் ஏப்ரல் 1951 இல் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அதே ஆண்டு சூன் மாதம் நிறைவேறிய அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் ஒதுக்கீட்டுக்கு இடமளித்தது.

* பொதுவுடைமையர்: 1949 இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. பிப்ரவரி 11, 1950 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் 22 பேர் இறந்தனர். கிராஸ் ரோட்ஸ் என்ற இதழ் மாநிலத்துக்குள் வர அரசு விதித்த தடையை, மே 1950 இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பேச்சுரிமைக்கான வரம்புகளை விரிவாக்கிய முதலாவது திருத்தத்தின் மற்றொரு பகுதிக்கு இவ்வழக்கும் காரணமாயிற்று.

* தனி ஆந்திரம்: 1949 இல் அமைந்த பிரிவினைக் குழுவுக்குக் குமாரசுவாமி ராஜா தலைமை வகித்தார். சென்னை நகரம் குறித்துக் குழுவில் உடன்பாடு ஏற்படவில்லை. 1951 இல் சுவாமி சீதாராம் 35 நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார். முடிவு எட்டப்படாமலே நின்ற இச்சிக்கல், பொட்டி சிறீராமுலு இறந்த பின், அக்டோபர் 1, 1953 அன்று ஆந்திர மாநிலம் உருவானதில் முடிந்தது.

தேர்தல் தோல்வி

வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த 1952 பொதுத்தேர்தலில் காங்கிரசு 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றது. அடக்குமுறைக்கு உள்ளான பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களை வென்று, இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. இந்தி, ஒதுக்கீடு ஆகியவற்றில் அரசு போராட்டக்காரர்களின் கோரிக்கைக்கு இணங்கியது. ஒடுக்கவும் ஒத்திப்போடவும் முயன்ற மற்ற இரண்டும் வாக்குச்சீட்டின் வழியே திரும்பி வந்தன. ஆந்திரப் பகுதியிலேயே காங்கிரசின் இழப்பு மிகுதி. குமாரசுவாமி ராஜாவும் தம் சொந்தப் பகுதியான திருவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார். ராஜாஜி அடுத்த முதல்வரானார்.

பிற்காலமும் மறைவும்

1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். ராஜபாளையத்தில் இருந்த தமது இல்லத்தைக் காந்தி கலைமன்றத்துக்கு நன்கொடையாக அளித்தார். 1957 இல் காலமானார்.

இவரது ஆட்சியில் 1950 இல் இயற்றப்பட்ட, கோவில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்யும் சட்டம் நெடுங்காலம் கண்டிப்பாகச் செயல்படுத்தப்படவில்லை. 2003 இல் தமிழக அரசு அதனை நடைமுறைப்படுத்த முனைந்தபோது, கிராம தெய்வ வழிபாட்டினரிடையே எதிர்ப்பு எழுந்தது. 2004 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.