கோடீஸ்வரர் சேர்த்த குட்டிக் காகிதங்கள்

தபால்தலை சேர்க்குறது சின்னப் பசங்க வேலைன்னு நினைக்கிறீங்களா? அப்போ கர்னல் எட்வர்ட் கிரீனைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

இவருடைய அம்மா ஹெட்டி கிரீன், அன்றைய அமெரிக்காவின் பெரும் பணக்காரப் பெண். கஞ்சத்தனத்துக்கும் அதே அளவு பேர் போனவர். 1868-ல் பிறந்த எட்வர்டுக்குச் சின்ன வயதில் காலில் அடிபட்டது. காசு செலவழிக்க மனசு வராமல், ஏழை வேஷம் போட்டு இலவச மருத்துவமனைகளுக்கு அம்மா அலைந்தார் என்று ஊரே பேசியது. அதில் எவ்வளவு நிஜமோ, கால் மட்டும் தேறவே இல்லை. வாலிப வயதில் அதை வெட்டி எடுத்தார்கள். செயற்கைக் காலோடுதான் டெக்சாஸ் போய், அம்மா வாங்கிய ரயில் பாதையை நடத்தினார்.

1916-ல் அம்மா இறந்தார். சுமார் 10 கோடி டாலர் சொத்து மகனுக்கும் மகளுக்கும் வந்தது. அப்புறம் என்ன? வைரம், நாணயம், ஒரு பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்னு வாங்கிக் குவித்தார். அதில் பெரிய ஆசை தபால்தலைகள்.

அமெரிக்க அரசு முதல் தபால்தலைகளை 1847-ல் வெளியிட்டது. 1869-ல் முதன்முறையாக இரண்டு நிறத்தில் அச்சடித்தார்கள். இங்கேதான் நம்ம இன்ஜினியர் மூளைக்கு வேலை. இரண்டு நிறம்னா தாள் இரண்டு தடவை அச்சுக்குப் போகணும். இரண்டாம் தடவை தாளைத் திருப்பி வைத்துவிட்டால் நடுவில் இருக்கும் படம் தலைகீழ்! 15, 24, 30 சென்ட் தலைகளில் அப்படித் தப்பிய சில, இன்றைக்கும் ஏலங்களின் ராஜா.

அதே தவறு 1918-ல் மறுபடி நடந்தது. தலைகீழ் விமானத்தோடு 100 தலைகள் கொண்ட ஒரு தாளை, வங்கி ஊழியர் ஒருவர் தபால் நிலையத்தில் 24 டாலருக்கு வாங்கினார். ஒரு வியாபாரி கைமாறி அது கிரீனிடம் வந்தபோது விலை 20,000 டாலர். அவர் தாளைப் பிரித்துப் பலவற்றை விற்றார். ஒன்றை லாக்கெட்டில் வைத்து மனைவிக்குக் கொடுத்தார். அந்தத் தாளின் 49-வது தலை 2023 ஏலத்தில் 20 லட்சம் டாலரைத் தாண்டியது.

ஆனா இவர் வெறும் சேமிப்பு மனுஷன் இல்லீங்க. மாசசூசெட்ஸில் இருந்த தன் ரவுண்ட் ஹில் எஸ்டேட்டை எம்.ஐ.டி. ஆய்வுக்குத் திறந்துவிட்டார். இயற்பியல் பாடத்தில் படிக்கிறோமே, வான் டி கிராஃப் ஜெனரேட்டர்? அதன் ராட்சத வடிவம் 1933-ல் இயங்கியது அங்கே, ஆகாயக் கப்பல் நிறுத்தும் கொட்டகையில்தான்.

1936-ல் கிரீன் இறந்தார். குழந்தைகள் இல்லை. இவர் எங்க ஊர்க்காரர், வரி எங்களுக்கேன்னு நான்கு மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் மல்லுக்கட்டின. 1939-ல் ஜெயித்தது மாசசூசெட்ஸ். பெட்டி பெட்டியாகக் கிடந்த தபால்தலைகள் 1940-களில் ஏலம் ஏலமாகப் பிரிந்து, ஊர் ஊராகப் போயின.

அந்த ஜெனரேட்டர் மட்டும் பிரியவில்லை. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், பார்க்க வரும் பிள்ளைகள் முன்னால் இன்னும் மின்னல் அடிச்சுக்கிட்டு இருக்கு.