ஞாயிறு நற்செய்தியை ஓலையில் தந்த சாங்கோபாங்க சுவாமிகள்

ஜூபிலி விழா என்றால் கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர்களையும், மணி வாங்கித் தந்தவர்களையும், கொடிமரம் நிறுத்தியவர்களையும் நன்றியோடு நினைவுகூருவது நம் வழக்கம். அது செய்ய வேண்டியதே. ஆயினும், கட்டிய கோயிலுக்குள் ஞாயிறுதோறும் ஒலிக்கின்ற இறைவார்த்தை நம் தாய்மொழியில் நம் செவிக்கு எட்டுவதற்குப் பாடுபட்டவர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அத்தகையோருள் ஒருவரான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரை நம் பங்கு மக்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்று அன்புடன் அழைத்து வருகின்றனர்.

இவர் 1676-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த திவார் தீவில் ஒரு கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். கோவாவிலேயே கல்வி கற்று, 1700-இல் அங்கிருந்த ஒரட்டோரியன் சபையில் சேர்ந்தார். இந்தியக் குருக்களையே கொண்டு இயங்கிய அச்சபை, அப்போது கடல் கடந்து ஒரு பெரும் பணியை ஏற்றிருந்தது. இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள், 1658 முதல் கத்தோலிக்கக் குருக்கள் அந்நாட்டில் தங்குவதைத் தடை செய்தனர். குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கும் கொடிய தண்டனை விதிக்கப்பட்டது. கோயில்கள் பறிபோயின. சுமார் முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் மேய்ப்பரின்றித் தவித்தனர். 1687-இல் அவர்களைத் தேடி மாறுவேடத்தில் சென்றவரே கோவாவின் யோசேப் வாஸ் அடிகளார். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியதை நாம் அறிவோம்.

அந்தப் புனிதருக்குத் துணையாக 1705-இல் மன்னார்க் கரையில் இறங்கியவர் நம் சுவாமிகள். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. மீனவரும் முத்துக்குளிப்பவரும் வாழ்ந்த அந்தக் கரையில் தமிழைக் கற்றார். பின்னர் கண்டிக்குச் சென்று சிங்களத்தை அதன் இலக்கண இலக்கியங்களோடு பயின்றார். வீராநரேந்திரசிங்கன் என்ற கண்டி மன்னன் இவருடைய புலமையை மதித்து ஆதரவு தந்தான். 1711-இல் யோசேப் வாஸ் அடிகளார் இறைவனடி சேர்ந்த பின்பு, பணியின் சுமை இவர் மீதும் இவருடைய தோழர்கள் மீதும் விழுந்தது.

அந்தச் சுமை எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். குருக்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஊர்களோ நூற்றுக்கணக்கானவை. காட்டு வழியிலும் கடல் வழியிலும் மறைந்து மறைந்து வரும் குருவானவர், ஓர் ஊரை விட்டுப் போனால் மறுபடியும் வந்து சேர மாதங்கள் ஆகும். இடையில் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் என்ன செய்வார்கள்? பூசை இல்லை, பிரசங்கம் இல்லை, நன்மை வாங்க வழியும் இல்லை. ஊர் மூப்பரோ அண்ணாவியாரோ மக்களைக் கூட்டி வைத்துச் செபம் சொல்லுவார். குருவானவர் வராத ஞாயிறன்று அந்தச் சிறு கூட்டத்தின் நடுவே யாரேனும் நின்று எதையேனும் வாசிக்க வேண்டும். வாசிக்க எதுவும் இல்லையென்றால், அந்த விசுவாசம் இன்னொரு தலைமுறை தாங்குமா என்பது ஐயமே.

சுவாமிகள் எழுத்தாணியைக் கையில் எடுத்தது இதற்காகத்தான். தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதிய நூல்கள் சுமார் நாற்பது எனக் கணக்கிடுவர். அவற்றுள் நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது சுவிசேஷ விரித்துரை என்னும் தமிழ் நூல். ஞாயிறுகளுக்கும் திருநாள்களுக்கும் உரிய நற்செய்திகளைத் தமிழில் தந்து அவற்றை விளக்குவது அது. சிங்கள மக்களுக்கும் இதே நோக்கத்தோடு சுவிசேஷ விசர்ஜனய என்ற நூலை எழுதினார். ஆண்டவருடைய பாடுகளைப் பற்றி அவர் எழுதிய ஒன்பது பிரசங்கங்கள் அடங்கிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் இலங்கைத் தமிழ்க் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது.

கத்தோலிக்கருக்கு அங்கே அச்சுக்கூடம் கிடையாது. 1737-இல் கொழும்பில் அச்சு வேலை தொடங்கியபோதும் அது டச்சு ஆட்சியாரின் கையில் இருந்தது. ஆகவே நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள போலவத்தை என்ற ஊரைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டு, எழுத்தர்களை வைத்து நூல்களைப் பனையோலையில் படியெடுக்கச் செய்து ஊர் ஊராக அனுப்பினார். ஓர் ஏடு போய்ச் சேர்ந்த ஊரில் குரு இல்லாத ஞாயிறும் நற்செய்தி உள்ள ஞாயிறாயிற்று. இதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு இப்பால் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியதும், தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் நினைவில் கொள்ளத் தக்கவை.

முப்பத்தேழு ஆண்டுகள் இவ்வாறு உழைத்த சுவாமிகள் 1742-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் போலவத்தையில் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் காலத்துப் பூசைப் புத்தகத்தில் ஞாயிறு நற்செய்திகள் ஓராண்டு வட்டமாக அமைந்திருந்தன. பெந்தக்கோஸ்துக்குப் பின் நான்காம் ஞாயிறு வந்தால், இராவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாத இராயப்பர் ஆண்டவருடைய சொல்லை நம்பி மறுபடி வலை வீசிய பகுதியே ஆண்டுதோறும் வாசிக்கப்படும். மன்னார் மீனவர் அதைக் கேட்டபோது தம் வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டிருக்க மாட்டார்களா? இராயப்பரின் பெயரைச் சொல்லும் இராயபுரத்திலும், காசிமேட்டிலும், திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளிலும் வாழும் நமக்கு அதை விளக்க ஆள் தேவையில்லை. வெறும் வலையோடு கரை திரும்பும் விடியற்காலை எப்படியிருக்கும் என்பதை நம் வீடுகள் அறியும். வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்று தொழிற்சாலை வாசலிலிருந்து திரும்புகிறவனும் அதை அறிவான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், இறைவார்த்தைப் பந்தியை மக்களுக்கு இன்னும் நிறைவாகப் பரிமாற வேண்டுமெனப் பணித்தது. அதன்படி 1969 முதல் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டு வட்டமாயின. முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா. யோவான் நற்செய்தி பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்காக் காலத்திலும் இடம் பெறுகிறது. பெரும்பாலான ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டு வாசகமும், ஞாயிறுதோறும் பதிலுரைப் பாடலும் சேர்ந்துள்ளன. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறு என நிறுவினார். மேற்சொன்ன வலைவீசும் பகுதி இப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை, லூக்கா ஆண்டின் பொதுக்கால ஐந்தாம் ஞாயிறன்று வருகிறது. அன்று கோயிலுக்குத் தாமதித்து வருபவர் அதை மறுபடி ஞாயிறு திருப்பலியில் கேட்க மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்!

அன்பார்ந்த பங்கு மக்களே, ஓலையேட்டை ஒளித்து வைத்து வாசித்தவர்களுக்கு இல்லாதவை இன்று நமக்கு உண்டு. குருவானவர் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, வீட்டுக்கு வீடு திருவிவிலியம் உண்டு. இந்த ஜூபிலியின் நினைவாக மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். சனிக்கிழமை இரவு குடும்பச் செபத்தில் மறுநாளைய நற்செய்தியைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். கோயிலில் வாசகம் வாசிக்கும் இளைஞர்கள் அதை முன்னதாகவே இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பழகட்டும். ஷிஃப்டு வேலையாலோ கடல் தொழிலாலோ திருப்பலிக்கு வர இயலாதவருக்கு, வந்தவர் வீட்டில் அன்றைய நற்செய்தியை வாசித்துக் காட்டட்டும். மூப்பர்கள் அன்று செய்தது இதுவே.

கோயிலைக் கட்டிய கைகளை ஆசீர்வதித்த இறைவன், அவருடைய வார்த்தையைக் கேட்கும் செவிகளையும் ஆசீர்வதிப்பாராக.