ரயிலில் பாடிய சிறுமி, லட்ச ரூபாய் நட்சத்திரம் ஆனது எப்படி? யார் இந்த கே.பி.சுந்தராம்பாள்?

காவிரிக்கு ஒரு கரையில் நாமக்கல் மாவட்டம், மறுகரையில் கொடுமுடி. 1908-ல் அங்கே பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள். சின்ன வயசிலேயே அப்பாவின் துணை இல்லை. அம்மா பாலாம்பாளின் கையில் காசும் இல்லை. அதனால் ரயிலில் ஏறிப் பாடினார். விழுந்த சில்லறையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப்.ஜி.நடேச ஐயர் காதில் அந்தக் குரல் விழ, மேடைக்கு வழி திறந்தது.

கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் இறந்ததும், வெள்ளைச் சேலை கட்டி ஒதுங்கினார். 'பக்த நந்தனார்' (1935) படத்துக்குக் கூப்பிட்டபோது, தட்டிக்கழிக்கவே 1 லட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் சரின்னுட்டார்! அன்றைக்கு அது மலைக்க வைத்த சம்பளம்.

சில்லறைக்குப் பாடிய அதே குரல்தான் அவரை 'ஔவையார்' (1953) வரை, பத்மஸ்ரீ (1970) வரை கூட்டிப்போனது. 1980-ல் மறைந்தார்.