கைகளைக் கழுவச் சொன்னவர்

நோய் நீங்கி வீடு திரும்புவோம் என்னும் நம்பிக்கையோடுதான் மக்கள் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். அம்மருத்துவமனையே நோயின் விளைநிலமாக இருந்த காலமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய நகரங்களின் மகப்பேறு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மார் பலர், சில நாள்களிலேயே கடுங்காய்ச்சல் கண்டு இறந்தனர். மகப்பேற்றுக் காய்ச்சல் எனப்பட்ட அக்கொள்ளைநோய், காற்றில் கலந்து வரும் நச்சால் உண்டாகிறது என மருத்துவர் பலரும் நம்பினர். அது மருத்துவர்தம் கைகளின் வழியாகவே நோயாளியை அடைகிறது என்று கண்டுசொன்னவர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

இரு பிரிவுகள்

செம்மல்வைஸ் 1818ஆம் ஆண்டு சூலை முதல் நாள் அங்கேரி நாட்டின் புடா நகரில் ஒரு மளிகை வணிகரின் மகனாகப் பிறந்தார். சட்டம் பயில வியன்னா சென்றவர், மருத்துவக் கல்வியில் நாட்டம் கொண்டு அதனையே கற்றுத் தேர்ந்தார். 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராகப் பணியேற்றார்.

அம்மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846இல் முதற்பிரிவில் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ இறந்தோர் மூவர்க்கும் குறைவு. இவ்வேறுபாட்டை நகரத்து ஏழைப் பெண்களும் அறிந்திருந்தனர். முதற்பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டாமென்று அவர்கள் மண்டியிட்டு மன்றாடினர். மருத்துவமனைக்கு வரும் வழியில், தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களும் இருந்தனர். அவர்களுள் இக்காய்ச்சல் கண்டோர் மிகச் சிலரே.

காற்றின் வழியே வரும் நோயாயின், ஒரே கூரையின்கீழ் உள்ள இரு பிரிவுகளில் ஒன்றை மட்டும் அது ஏன் வாட்ட வேண்டும்? இவ்வினா செம்மல்வைஸின் உறக்கத்தைக் கெடுத்தது. மகப்பேற்றின்போது பெண்களைப் படுக்க வைக்கும் முறையை மாற்றிப் பார்த்தார். இறப்போர்க்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியாரின் மணியொலி நோயாளிகளை அச்சுறுத்துகிறது எனச் சிலர் கூறவே, அவர் வரும் வழியையும் மாற்றச் செய்தார். எதனாலும் பயன் விளையவில்லை.

நண்பரின் இறப்பு

1847ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய நண்பரும் பேராசிரியருமான கொலெட்ச்கா இறந்தார். பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலைக் கீறியிருந்தது. அவரது உடலை ஆய்ந்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். இறந்த தாய்மாரின் உடல்களில் தாம் கண்ட அதே அடையாளங்கள் நண்பரின் உடலிலும் இருந்தன.

உண்மை அவருக்குப் புலப்பட்டது. முதற்பிரிவு மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணங்களை அறுத்து ஆய்ந்தனர். அக்கைகளோடு வந்து கருவுற்ற பெண்களைச் சோதித்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிணக்கூறாய்வுப் பயிற்சி இல்லை. வழலையால் கழுவிய பின்னும் கையில் தங்கிய பிணவாடையே, கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒன்று அங்கு எஞ்சியிருப்பதை உணர்த்தியது.

இம்முடிவு முதலில் சுட்டது அவரையே. நோயின் காரணத்தை அறியும் ஆர்வத்தால் நாள்தோறும் தவறாது பிணக்கூறாய்வு செய்தவர் அவர். தம் கைகளால் இறந்தோர் எத்தனை பேர் என்பதை இறைவனே அறிவான் என்று அவர் பின்னாளில் மனம் நொந்து எழுதினார். எனினும் அவ்வுண்மையை மறைக்க அவர் முயலவில்லை.

எளிய வழி

1847 மே மாதத்தில், பேறுகால அறைக்குள் நுழைவோர் அனைவரும் குளோரின் கலந்த கரைசலில் கைகளைக் கழுவ வேண்டும் என்று ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, சூன் முதல் ஆகஸ்டு வரை இரண்டு அளவிற்கு இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரில், புற்றுநோய்ப் புண்ணுடைய ஒரு பெண்ணைச் சோதித்தபின் வரிசையாகச் சோதிக்கப்பட்ட பெண்களில் பதினொருவர் இறந்தனர். நோய்ப்பொருள் பிணத்திலிருந்து மட்டுமன்றி, உயிருள்ள நோயாளியிடமிருந்தும் பரவும் என அவர் உணர்ந்தார். ஒவ்வொரு நோயாளியைச் சோதித்தபின்னும் கை கழுவுதல் கட்டாயமாயிற்று. 1848இல் முதற்பிரிவின் இறப்பு நூற்றுக்கு ஒன்றை ஒட்டி நின்றது. இரு மாதங்களில் ஒருவரும் இறக்கவில்லை.

ஏற்க மறுத்த உலகம்

ஆயினும் மருத்துவ உலகின் பெரும்பகுதி அவரை ஏற்கவில்லை. நோய்க்கிருமிக் கொள்கை உருப்பெறாத காலம் அது. கை கழுவுவதால் இறப்பு ஏன் குறைகிறது என்பதை முழுமையாக விளக்க அவரால் இயலவில்லை. உயிர் காக்கும் தம் கைகளே உயிர் பறித்தன என ஒப்புக்கொள்ள மூத்த மருத்துவர் பலருக்கும் மனம் வரவில்லை. 1849இல் அவரது பணி நீட்டிக்கப்படவில்லை. தாயகம் திரும்பி, பெஸ்ட் நகரின் புனித ரோக்கஸ் மருத்துவமனையில் இறப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைத்துக் காட்டினார்.

நெடுங்காலம் எழுதாதிருந்த அவர், 1861இல் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். மறுத்தோரைக் கொலையாளிகள் எனச் சாடி மடல்கள் எழுதினார். அக்கடுமை பகையையே வளர்த்தது. மனநலம் குன்றிய நிலையில் 1865 சூலையில் வியன்னாவின் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். புண் சீழ்பிடித்து, நஞ்சு குருதியில் கலந்து, ஆகஸ்டு 13ஆம் நாள் தம் 47ஆம் வயதில் உயிர் நீத்தார். அதற்கு முந்தைய நாள்தான் ஜோசப் லிஸ்டர் கிளாஸ்கோ நகரில் ஒரு சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலத்தால் கட்டுப்போட்டு, நச்சுத்தடை மருத்துவத்துக்கு வழிவகுத்தார். பின்னர், 1879இல் லூயி பாஸ்டர் மகப்பேற்றுக் காய்ச்சலின் கிருமியை அடையாளம் காட்டினார்.

இன்று புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் செம்மல்வைஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009 முதல் மே 5ஆம் நாளைக் கைத்தூய்மை நாளாகப் போற்றுகிறது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று உலகை வாட்டியபோது, ஒரு நோயாளியைத் தொட்ட கை கழுவப்படாமல் மற்றொரு நோயாளியைத் தொடலாகாது என்பது மருத்துவரும் செவிலியரும் கடைப்பிடித்த முதல் நெறிகளுள் ஒன்றாயிற்று. தம்மாலும் தீங்கு நேரக்கூடும் என ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டதால் பிறந்த நெறி அது.