குச்சியைச் சேர்த்த சுல்தானும் கை தூக்க மறுத்த பேராசிரியரும்
(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)

முதலாமாண்டு ஒர்க்ஷாப்பில் ஸ்கொயர் ஃபிட்டிங் போட்டவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஒரு துண்டு இன்னொன்றுக்குள் உட்காரவே உட்காராது. கொஞ்சம் அரத்தால் ராவினால் பத்தாது, இன்னும் ராவினால் இடைவெளியில் வெளிச்சம் தெரியும். எனக்கு மூன்று தடவை ஜாப் ரிஜெக்ட். இந்தக் கைக்கு மெக்கானிக்கல் எதுக்கு, பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்படி ஊருக்குப் போன ஒரு வாரத்தில்தான், பொழுது போகாமல் அக்காவின் பி.எட். கைடைப் புரட்டினேன். உட்காட்சி வழிக் கற்றல் என்று அரைப் பக்கம். கோஹ்லர், சுல்தான் என்ற குரங்கு, இரண்டு குச்சி, ஒரு வாழைப்பழம். அஞ்சு மார்க் கேள்வி. அந்த அரைப் பக்கத்துக்குப் பின்னால் யார் இருந்தார் என்று லைப்ரரியில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வுல்ஃப்காங் கோஹ்லர் 1887-ல் பால்டிக் கடலோரத்து ரேவால் நகரில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசு. இன்று எஸ்டோனியாவின் தலைநகர் டாலின். பெற்றோர் ஜெர்மானியர். பெர்லினில் மாக்ஸ் பிளாங்கிடம் இயற்பியல் படித்தார். ஆனால் 1909-ல் டாக்டர் பட்டம் வாங்கியது மனவியலில், அதுவும் ஒலியைப் பற்றி. ஆக, நம்ம மாதிரி அளவு, விசை, கருவி என்று யோசிக்கிற ஆள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

1913 கடைசியில் பிரஷ்ய அறிவியல் கழகம் அவரை டெனெரிஃப் தீவுக்கு அனுப்பியது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு அது. அன்றைய ஜெர்மன் குடியேற்றமான கேமரூனிலிருந்து பிடித்து வந்த சிம்பன்சிகள் அங்கே கம்பி வலை போட்ட திடலில் இருந்தன. கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் குடும்பத்தோடு போனார். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. கப்பல் போக்குவரத்து நின்றது. கூண்டுக்குள்ளே சிம்பன்சி, தீவுக்குள்ளே கோஹ்லர்! 1920 வரை அங்கேயேதான்.

அதற்கு முன்னே அமெரிக்காவில் தார்ன்டைக் என்பவர் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை எப்படித் தாழ்ப்பாளைத் திறக்கின்றன என்று 1898-ல் எழுதியிருந்தார். கண்டபடி பிராண்டி, தற்செயலாகத் திறந்து, அதையே பழகிக்கொள்கிறது. யோசனை ஒன்றும் கிடையாது என்பது அவர் முடிவு. கோஹ்லர் இதை ஏற்கவில்லை. தாழ்ப்பாள் எப்படி வேலை செய்கிறது என்பதே பூனையின் கண்ணுக்குத் தெரியாதபோது அது எப்படி யோசிக்கும்? டிராயிங்கே காட்டாமல் ஜாப் பண்ணச் சொன்ன கதைதான் இது. அதனால் தன்னுடைய சோதனைகளில் பழம், குச்சி, பெட்டி எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருக்கும்படி அமைத்தார்.

இப்போது அந்த அஞ்சு மார்க் சுல்தானுக்கு வருவோம். கம்பிக்கு வெளியே எட்டாத தூரத்தில் பழம். உள்ளே உள்ளீடற்ற இரண்டு மூங்கில் குச்சிகள், ஒன்று கொஞ்சம் மெல்லியது. தனித்தனியாக எதுவும் எட்டாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுல்தான் திணறியது. ஒரு குச்சியின் ஓட்டைக்குள் கோஹ்லரே விரலை விட்டுக் காட்டினார். ஊகூம்! சோதனை தோல்வி என்று போய்விட்டார். (கைடில் இந்தத் தோல்வி இல்லவே இல்லை.) பார்த்துக்கொண்டிருந்தவர் காவலாளி ஒருவர்தான். சுல்தான் பழத்தை மறந்துவிட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்து குச்சிகளை வைத்துச் சும்மா விளையாடியது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்த ஒரு கணத்தில் மெல்லியதைத் தடித்ததற்குள் சொருகிவிட்டது. அடுத்த நொடி கம்பியிடம் ஓட்டம்! பழத்தை இழுத்தது, அதைத் தின்னக்கூட நிற்காமல் மற்றவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டது.

இன்னொரு தடவை குச்சிக்குப் பதில் ஒரு பலகைதான் கிடைத்தது. அது ஓட்டைக்குள் போகவில்லை. சுல்தான் பலகையின் முனையைப் பல்லால் கடித்துக் கடித்து மெலிதாக்கிச் சொருகப் பார்த்தது. அரம் இல்லாமலே ஃபிட்டிங்! இதைப் படித்த அன்று என் மூன்று ரிஜெக்ட் ஜாப்களையும் நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிக்க இன்னும் உண்டு. பழம் உயரத்தில் தொங்கினால், ஆளின் கையைப் பிடித்து இழுத்து வந்து தோள் மேல் ஏறிவிடும். ஒருநாள் காவலாளி வேண்டுமென்றே குனிந்துகொண்டார். சுல்தான் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கம் இரண்டு கையையும் கொடுத்து அவரை மேலே தள்ளப் பார்த்ததாம். கிராண்டே என்ற பெண் சிம்பன்சி நான்கு பெட்டி வரை அடுக்கியது. ஆனால் அப்ளைடு மெக்கானிக்ஸில் அவையும் நம்ம கட்சிதான். பெட்டியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் அந்தரத்தில் நிற்கும் என்று நினைக்கும். ஈர்ப்பு மையம் எங்கே என்பதெல்லாம் தெரியாது. ஆடுகிற அடுக்கில் உடம்பால் சமன் செய்து ஏறிவிடும்.

1917-ல் இதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார். பேர் பரவியது, எதிர்ப்பும் வந்தது. 1945-ல் பிர்ச் என்ற அமெரிக்கர், குச்சியைக் கையாண்டு பழகாத சிம்பன்சிகளுக்குக் குச்சிச் சோதனை வைத்தபோது பெரும்பாலானவை தோற்றன. மூன்று நாள் குச்சிகளோடு விளையாட விட்ட பிறகு ஜெயித்தன. திடீரென்று வருகிற யோசனைக்கும் முன்னால் கை பழகியிருக்க வேண்டும் என்பது தெரிந்தது. என் கருத்து, இது கோஹ்லரைப் பொய்யாக்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து சுல்தான் விளையாடிய அந்தச் சில நிமிஷத்துக்குக் கணக்குச் சொன்னது, அவ்வளவுதான்.

எனக்கு மனசில் தைத்தது வேறு. தனியே அடைக்கப்பட்ட சிம்பன்சி கத்திக் கதறுவதையும், தோழர்கள் இருக்கும் பக்கம் கை நீட்டுவதையும் கோஹ்லர் பார்த்து எழுதினார். தனியாக வைத்த சிம்பன்சி சிம்பன்சியே அல்ல என்கிற அளவுக்குப் போனார். இருந்தும் அவை கைதிகள்தான். காட்டிலிருந்து பிடித்ததும், பசியைத் தூண்டிலாக வைத்ததும் அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகப் படவில்லை. 1920-ல் ஆராய்ச்சி நிலையத்தை மூடியபோது மிச்சமிருந்தவற்றை பெர்லின் மிருகக்காட்சிச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். கோஹ்லருக்கு வீடு திரும்புதல். அவற்றுக்கு இன்னொரு கூண்டு. இதை எந்த கைடும் எழுதுவதில்லை.

1922-ல் பெர்லின் பல்கலைக்கழக மனவியல் நிலையத்தின் தலைவரானார். பழைய அரண்மனையில் ஆய்வுக்கூடம், உலகெங்கும் புகழ். 1933-ல் ஹிட்லர் வந்தார். யூதப் பேராசிரியர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். கோஹ்லர் யூதர் அல்ல. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பெரும்பாலான பேராசிரியர்கள் அதைத்தான் செய்தார்கள். அவரோ ஏப்ரல் 28 அன்று பெர்லின் நாளிதழ் ஒன்றில், தன் பெயரைப் போட்டே அந்த நீக்கங்களைக் கண்டித்து எழுதினார். அன்று இரவு போலீஸ் வரும் என்று காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை, நண்பர்களோடு உட்கார்ந்து இசைக்கருவி வாசித்துக்கொண்டிருந்தார். போலீஸ் வரவில்லை.

அந்த வருஷம் நவம்பரில், வகுப்பைத் தொடங்கும் முன் நாஜி வணக்கம் வைக்க வேண்டும் என்று உத்தரவு. கோஹ்லர் ஏனோதானோவென்று கையை அசைத்துவிட்டு, அந்த வணக்கம் குறிக்கும் கொள்கை தன்னுடையது அல்ல என்று வகுப்பிலேயே சொன்னார். சட்டை போட்ட ஆட்களும் உட்கார்ந்திருந்த கூட்டம் அது, கைதட்டல் எழுந்தது. பிறகு நிலையத்தில் சோதனை போட்டார்கள், உதவியாளர்களை ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அவர்களுக்காக இரண்டு வருஷம் போராடிப் பார்த்து, முடியாமல் 1935-ல் ராஜினாமா செய்தார். அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் என்ற சிறிய கல்லூரியில் வாத்தியாரானார். 1959-ல் அமெரிக்க மனவியல் சங்கத்தின் தலைவர். 1967 ஜூனில் நியூ ஹாம்ப்ஷயரில் காலமானார்.

நான் ஊரிலிருந்து திரும்பி வந்து, அளக்காமல் கொள்ளாமல் ஸ்கிராப் துண்டுகளை வைத்து இரண்டு சாயங்காலம் சும்மா ராவிக்கொண்டிருந்தேன். நாலாவது ஜாப் உட்கார்ந்தது. அக்காவுக்குத்தான் பாவம், அந்த வருஷப் பரீட்சையில் சுல்தான் கேள்வி வரவே இல்லை.