வெப்பத்தைக் கணக்கிட்ட மேதை ருடால்ஃப் டீசல்

தம் பெயரையே ஒரு பொருளுக்குப் பெயராக விட்டுச் சென்றோர் உலகில் மிகச் சிலரே. லாரி ஓட்டுநர் முதல் கிணற்றடியில் பம்பு செட்டை இயக்கும் உழவர் வரை பலரும் நாள்தோறும் சொல்லும் சொல் டீசல். அது ஓர் எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். எரிபொருளை எரித்துப் பெறும் வெப்பத்தில் பெரும்பகுதி ஏன் வீணாகிறது என்ற ஒரே கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் அவர். இன்று பனி பொழியும் நாடுகளில், பயன்படுத்திய பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிச் சீர்செய்து, அதிலிருந்தே வீட்டுக்கு வெளிச்சமும் கதகதப்பும் பெறுவோர் உள்ளனர். அவர்கள் கையாளும் முறையின் வேர் இந்த மேதையின் கேள்வியிலேயே இருக்கிறது. அவரது வாழ்க்கையை இங்குச் சிறிது காண்போம்.

இளமைப் பருவம்

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தோல் பொருள்கள் செய்யும் கைவினைஞர். வருவாய் குறைவு; உழைப்போ மிகுதி. செய்து முடித்த பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளில் சேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவன் நகரின் தொழிற்கலைக் காட்சிசாலைக்குச் சென்று, அங்கிருந்த பழைய இயந்திரங்களைப் பார்த்து மெய்மறந்து நிற்பான்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் என்ற காரணத்தால் டீசல் குடும்பம் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. லண்டனில் தஞ்சம் புகுந்த பெற்றோரால் பிள்ளைகளைப் பேண இயலவில்லை. பன்னிரண்டே வயதான ருடால்ஃப் தனியே ஆக்ஸ்பர்க் நகருக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவ்வீட்டுத் தலைவர் ஒரு கணித ஆசிரியர். தாய் தந்தையரைப் பிரிந்த சிறுவனுக்குப் படிப்பே துணையாயிற்று. பொறியியல் வல்லுநர் ஆவதே தன் விருப்பம் என்று பதினான்கு வயதிலேயே பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். உதவித்தொகை பெற்று மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான்.

வாழ்வை மாற்றிய வகுப்பு

அக்கல்லூரியில் வெப்ப இயலைக் கற்பித்தவர் கார்ல் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களை உருவாக்கிப் புகழ் பெற்ற அறிஞர் அவர். ஒரு நாள் வகுப்பில் அவர், நீராவி எஞ்சின்கள் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கையும்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று விளக்கினார். மற்ற மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சென்றிருப்பர். டீசலின் உள்ளத்திலோ அது முள்ளாகத் தைத்தது. அத்தனை நிலக்கரி எரிந்தும் தொண்ணூறு பங்கு காற்றில் கலந்து போவதா? இதற்கு மாற்று உண்டா? அன்று எழுந்த இந்த எண்ணம் பிறகு அவரை விடவே இல்லை.

1879இல் நச்சுக் காய்ச்சலால் தேர்வு தவறியது. ஆயினும் மறு ஆண்டு தேர்வெழுதி மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் வெற்றி பெற்றார். பின்னர் லிண்டேயின் நிறுவனத்துக்காகப் பாரிசில் பனிக்கட்டித் தொழிற்சாலைப் பணியை ஏற்றார். 1883இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். பகலில் பனிக்கட்டி உருவாக்கியவர், ஓய்வு நேரமெல்லாம் வெப்பத்தைப் பற்றியே சிந்தித்தார் என்பது வியப்பே!

புதிய எஞ்சின்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நாம் அனைவரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும். டீசலின் எஞ்சினுக்கு இதுவே அடிப்படை. உருளைக்குள் காற்றை மிகக் கடுமையாக நெருக்கினால், அது எண்ணெயைப் பற்ற வைக்கும் அளவுக்குச் சூடேறும். அந்த நேரத்தில் எண்ணெயை உள்ளே செலுத்தினால் தீப்பொறி எதுவும் இன்றித் தானாகவே எரியும், உந்துதண்டைத் தள்ளும். எவ்வளவுக்கு எவ்வளவு நெருக்குகிறோமோ, அவ்வளவுக்கு வெப்பம் வேலையாக மாறும்.

1892இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடமும் ஆட்களும் தந்தது. 1893 ஆகஸ்ட் 10ஆம் நாள் முதல் சோதனை நடைபெற்றது. எண்ணெய் உள்ளே சென்றதும் பெரும் வெடிப்பு! அழுத்தம் காட்டும் கருவி சிதறிப் பறந்தது. அருகில் நின்றவர்கள் தப்பியது பெரும் பேறு. வேறொருவராயின் அன்றே கைவிட்டிருப்பார். டீசலோ அதிலும் ஒரு வெற்றியைக் கண்டார். நெருக்கிய காற்று எண்ணெயைப் பற்ற வைக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதன்றோ?

1894 பிப்ரவரி 17ஆம் நாள் அந்த எஞ்சின் முதன்முதலாகத் தன் வலிமையால் தானே ஓடியது. ஏறத்தாழ ஒரு நிமிடந்தான்! அந்த ஒரு நிமிடத்தை நீடிக்கச் செய்ய மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தபோது, புதிய எஞ்சின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது தெரிந்தது. அன்று இருந்த வேறெந்த எஞ்சினும் அந்த அளவை எட்டியதில்லை.

புகழும் துயரமும்

பல நாடுகளிலிருந்து உரிமம் கேட்டு வந்தனர். 1898இல் தம் உரிமைகளை ஒரு நிறுவனத்துக்கு 35 லட்சம் மார்க் மதிப்புக்கு விற்றார். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அவரது எஞ்சின் உயர் பரிசு பெற்றது. அங்கே ஒரு சிறு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது! 1912இல் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல் நீராவி இன்றி டீசல் எஞ்சின்களாலேயே கடல் கடந்து பாங்காக் வரை சென்றது.

ஆயினும் டீசலின் உள்ளத்தில் வேறொரு கனவும் இருந்தது. நீராவி எஞ்சின் பெருமுதலாளிக்கே கட்டுப்படியாகும். தம் எஞ்சினோ சிறிய அளவிலும் செய்யக்கூடியது. அது தம் தந்தையைப் போன்ற சிறு கைவினைஞரின் பட்டறைக்குச் சென்று, அவர்களைத் தம் சொந்தக் காலில் நிற்கச் செய்யும் என்று அவர் நம்பினார். உழைப்போர் ஒன்றுகூடி வாழ வழி கூறும் நூலொன்றை 1903இல் வெளியிட்டார். சில நூறு படிகளே விலைபோயின.

வெப்பத்தை நுணுக்கமாகக் கணக்கிட்டவருக்குத் தம் செல்வத்தைக் கணக்கிடத் தெரியவில்லை. மியூனிக் நகரில் மாளிகை எழுப்பினார். நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் முதலீடு செய்து இழந்தார். தொடக்க கால எஞ்சின்களின் பழுதுகளும் ஓயாத வழக்குகளும் உடலை வாட்டின. 1898இலேயே நரம்புத் தளர்ச்சியால் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. கடன் பெருகியது. அதன் முழு அளவையும் குடும்பத்தார்கூட அவர் மறைவுக்குப் பின்னரே அறிந்தனர்.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். நண்பர்களோடு இரவுணவு உண்டு, தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாய் இருந்தது, படுக்கை கலையவில்லை. பத்து நாள்களுக்குப் பின் ஒரு படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டனர். அதன் சட்டைப் பையிலிருந்த பொருள்களைக் கண்டு அவை தந்தையுடையவை என்று மகன் அடையாளம் கூறினார். என்ன நேர்ந்தது என்பது இன்றளவும் முடிவாகத் தெரியவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

மிச்சமான வெப்பம்

டீசல் மறைந்தாலும் அவரது கேள்வி மறையவில்லை. நூற்றுக்கு 26 பங்கு வேலையாயிற்று என்றால், எஞ்சிய 74 பங்கு எங்கே போயிற்று? பிற்காலச் சிறு ஜெனரேட்டரிலும் கணக்கு பெரிதும் மாறிவிடவில்லை. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் உள்ளது. அதில் 3 யூனிட் அளவே மின்சாரமாகிறது. மீதியில் ஒரு பகுதி எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோடு ரேடியேட்டர் வழியாகவும், இன்னொரு பகுதி புகையோடு சைலன்சர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. ஆனால் குளிர் நாட்டு வீட்டுக்கு மின்சாரத்தைவிட வெப்பமே மிகுதியாகத் தேவை!

ஆகவே அங்குச் சிலர் பழைய ஜெனரேட்டரை வாங்கி இவ்வாறு மாற்றுகின்றனர். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுவதைவிட 1500 சுற்று ஓடுவதே நீடித்து உழைக்கும் என்பதால் அதைத் தேர்கின்றனர். எஞ்சின் ஆறியிருக்கும்போது எளிதில் கிளம்புகிறதா, ஆயிலில் நீர் கலந்து வெளுத்திருக்கிறதா என்று பார்த்தே வாங்குகின்றனர். ரேடியேட்டருக்குச் செல்லும் சுடுநீரை ஒரு வெப்ப மாற்றி வழியே அனுப்புகின்றனர். அதில் எஞ்சின் நீர் ஒரு பக்கமும் வீட்டு நீர் மறுபக்கமும் ஓடும். நீர் கலக்காது, வெப்பம் மட்டும் மாறும். சூடேறிய வீட்டு நீர் குழாய்களில் ஓடி அறைகளைக் கதகதப்பாக்கும், குளிக்கவும் உதவும். புகைக் குழாயிலும் இத்தகைய மாற்றி பொருத்துவதுண்டு. இவ்வாறு செய்தால் 10 யூனிட்டில் 7 அல்லது 8 வரை பயன்படும்.

இதில் எச்சரிக்கையும் தேவை. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. எனவே எஞ்சினை வீட்டுக்குள் வைக்காமல் தனிக் கொட்டகையில் வைத்து, புகையை வெளியேற்ற வேண்டும். ஜெனரேட்டர் மின்சாரம் தெருக் கம்பிக்குச் செல்லாதபடி மாற்றுச் சுவிட்சு வேண்டும். இல்லையேல் கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து. தேவைக்கு மிஞ்சிய பெரிய எஞ்சினும் ஆகாது; சுமையின்றி ஓடினால் கரி படிந்து கெடும். வெப்பம் தேவைப்படாத நாள்களில் இதனால் ஆதாயமும் இல்லை.

இவ்வேலைக்குப் பலர் விரும்பியது, இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் வடிவமைத்த, நிமிடத்துக்கு 650 சுற்று மட்டுமே ஓடும் எஞ்சினை. அதே வடிவில் நம் நாட்டின் ராஜ்கோட் நகரில் செய்யப்பட்டவை இந்திய வயல்களில் நீர் இறைத்தன. கடல் கடந்து வட அமெரிக்காவில் மின்கம்பி எட்டாத வீடுகளுக்கும் சென்று ஒளியும் வெப்பமும் தந்தன.

கைவினைஞரின் சிறு பட்டறைக்காகக் கனவு கண்ட எஞ்சின் பெருங்கப்பல்களுக்கும் போர்க்கலங்களுக்கும் சென்றதை டீசல் கண்டார். அது ஒரு தனிக் குடும்பத்தின் கொட்டகையில் நின்று, வீணாகும் வெப்பத்தையும் விடாமல் கொடுப்பதைக் காண அவர் இல்லை.

மாணவியரே, டீசலின் வாழ்க்கை நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. வகுப்பறையில் கேட்ட ஒரு செய்தியை உள்ளத்தில் பதித்துக்கொண்டால் அது உலகையே இயக்கலாம் என்பது ஒன்று. எத்துணைப் பெரிய மேதையாயினும் துன்பத்தைத் தனியே சுமக்கக் கூடாது என்பது மற்றொன்று. வெடித்த எஞ்சினைப் பற்றித் தம் தோழர்களோடு கலந்து பேசி வழி கண்டவர், வளர்ந்த கடனைப் பற்றி வீட்டாரோடு பேசியிருந்தால் அவரது பாரமும் சற்றுக் குறைந்திருக்கும் அல்லவா?