கல்லைப் பேச வைத்த காப்டன்

தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரைக் கோபுரங்களையும் படத்திலாவது பார்க்காதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். காமிரா என்றால் என்னவென்றே ஊரார் அறியாத நாளில் அவற்றை முறையாகப் படமெடுத்தவர் ஒரு படை அதிகாரி. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். வேதியியல் பயிலும் மாணவனாகிய என்னை அவரது தொழில் பெரிதும் கவர்ந்தது. அதை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த டிரைப், இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது புகைப்படக் கலையைப் பயின்றார். திரும்பி வந்ததும் 1854 இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் பர்மா மன்னரிடம் சென்ற தூதுக்குழுவுடன் போய் 200க்கும் மேற்பட்ட படங்களுடன் திரும்பினார். 1856இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

அன்றைய படப்பிடிப்பு எளிதானதா? பிலிம் சுருள் அப்போது இல்லை. டிரைப் பெரும்பாலும் மெழுகூட்டிய காகிதத்தையே கையாண்டார். அதை அயோடைடு கரைசலில் நனைத்து, பின் வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்தால் ஒளியை உணரும் வெள்ளி அயோடைடு காகிதத்தில் படியும். ஒளி பட்ட காகிதத்தைக் காலிக் அமிலத்தில் இட்டால் உருவம் தோன்றும். ஹைப்போவில் கழுவினால் நிலைக்கும். நாம் ஆய்வுக்கூடத்தில் காணும் அதே வெள்ளி நைட்ரேட்தான்! ஒரு படத்திற்கே நிமிடக் கணக்கில் ஒளி விழ வேண்டும். நடமாடும் மனிதர் படத்தில் பதியமாட்டார். வானமோ வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே சில நெகட்டிவ்களில் மேகங்களைத் தம் கையாலேயே தீட்டினார்.

இத்தனை கருவிகளையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு 1857 இறுதியில் அவர் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனப் பயணம் 1858இலும் தொடர்ந்தது. மதுரை திருமலை நாயக்கர் மகால் பின்னாளில் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கும் முன் எப்படிச் சிதைந்து கிடந்தது என்பதை அவர் படங்களில் இன்றும் காணலாம்.

எல்லாவற்றினும் என்னை வியக்க வைத்தது தஞ்சைக் கல்வெட்டுப் படமே. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் எழுத்துகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் அதிக நீளமுள்ள ஒரே படமாக்கினார். அழகுக்காக எடுத்ததன்று அது. எழுத்தைப் படிப்பதற்காக எடுத்தது.

இப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் சி. அய்யாசாமி என்ற நம்மவர். சென்னைக் கலைப்பள்ளியில் பயிற்சி பெற்றவர். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய அப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. பூவிருந்தவல்லியிலிருந்து நகருக்குப் பஸ்ஸில் செல்லும் நாம் நெடுஞ்சாலையில் அதைக் கடந்தே போகிறோம். டிரைப்பைப் பற்றி நூல்கள் உண்டு. அய்யாசாமியை அறிந்தவர் எத்தனை பேர்?

1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் கஜானா வற்றியது. 1859இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இவ்வேலையை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்தினார். 1860இல் அலுவலகம் மூடப்பட்டது. டிரைப் விடுப்பில் தாயகம் சென்றார். பிறகு படைப்பணிக்குத் திரும்பினாலும் புகைப்படத்தை ஏறக்குறையக் கைவிட்டார். 1902இல் டெவன்போர்ட்டிலேயே மறைந்தார்.

அவர் அந்நிய ஆட்சியின் ஊழியர். அவர் படங்கள் அந்த ஆட்சியின் தேவைக்காகவே எடுக்கப்பட்டன. அதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று வீண்செலவாகத் தோன்றிய அப்படங்களே, நம் கோயில்களும் அரண்மனைகளும் 160 ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலைக்கு இன்று சாட்சியாக நிற்கின்றன. நண்பர்களே, நம் ஊர்ப் பழங்கோயில்களிலும் சுண்ணாம்பு பூசி மறைந்த கல்வெட்டுகள் உண்டு. இன்று நம் எல்லோர் கையிலும் காமிரா இருக்கிறது. நாம் அவற்றைப் படமெடுத்து வைக்கலாகாதா?